எழுத்துக்கூட்டலில் வெல்லும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி பதில்

பள்ளிப் பிள்ளைகள் மேடையேறி ஆங்கிலச் சொற்களை எழுத்துக்கூட்டிச் சொல்லும், அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடைபெறும் ஸ்கிரிப்ஸ் தேசிய ஸ்பெல்லிங் பீ போட்டியைக் குறித்துப் பல ஊர்களிலிருந்தும் வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைத் தொட்டு வந்த அந்தக் கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்துப் பதில் அளித்திருக்கிறேன்.

கேள்வி: இந்தப் போட்டி எப்போது தொடங்கியது? எழுத்துக்கூட்டலுக்கும் தேனீக்கும் என்ன தொடர்பு? (வாசகர், கும்பகோணம்)

பதில்: கென்டக்கி மாநிலத்தில் வெளிவரும் லூயிவில் கூரியர்-ஜர்னல் நாளிதழ், வேறு சில நாளிதழ்களையும் சேர்த்துக்கொண்டு 1925ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரில் முதல் தேசியப் போட்டியை நடத்தியது. இறுதிச் சுற்றில் ஒன்பது பிள்ளைகள் நின்றார்கள். ஃபிராங்க் நியூஹவுசர் என்ற 11 வயதுச் சிறுவன் 'கிளாடியோலஸ்' என்ற பூச்செடியின் பெயரைப் பிழையின்றிச் சொல்லி வென்றான். 1941இல் ஸ்கிரிப்ஸ் என்ற செய்தி நிறுவனம் பொறுப்பேற்றது. இரண்டாம் உலகப் போரின்போது 1943 முதல் 1945 வரையிலும், பெருந்தொற்றின்போது 2020இலும் போட்டி நடைபெறவில்லை. மற்ற ஆண்டுகளில் தடையின்றி நடந்து, 2025இல் நூற்றாண்டைக் கண்டிருக்கிறது.

தேனீயைப் பொறுத்தவரை, சோளக் கதிர்களின் மட்டையை உரிப்பது, மெத்தை விரிப்பு தைப்பது போன்ற வேலைகளை அக்கம்பக்கத்தார் ஒரு வீட்டில் கூடிச் செய்து முடிப்பதைப் பழைய அமெரிக்க வழக்கில் 'பீ' என்றே சொன்னார்கள். அண்டை வீட்டார் செய்யும் உதவியைக் குறித்த ஓர் இங்கிலாந்து வட்டாரச் சொல்லிலிருந்து அது வந்திருக்கலாம் என்பது அகராதியாளர்களின் கருத்து. பலர் கூடிச் செய்யும் காரியம் என்ற பொருளில் எழுத்துக்கூட்டலுக்கும் அந்தப் பெயர் அமைந்தது. பூச்சியின் படம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

கேள்வி: நான் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். அகராதியை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதில் என்ன அறிவு இருக்கிறது என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். உண்மையில் அந்தப் பிள்ளைகள் என்னதான் செய்கிறார்கள்? (ஆசிரியை, நாகர்கோவில்)

பதில்: இந்தக் கேள்வியை எழுப்பியதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் போட்டியைப் பற்றிய தவறான எண்ணங்களில் இதுவே முதலாவது. போட்டிக்கு அடிப்படையாக உள்ளது மெரியம்-வெப்ஸ்டர் நிறுவனத்தின் முழு அகராதி. அதில் 4,70,000க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. பதினான்கு வயதைக்கூட எட்டாத ஒரு பிள்ளை அவ்வளவையும் நெட்டுருப் போட முடியாது. மனப்பாடம் தேவைதான், அதுவும் ஏராளமாகத் தேவை. ஆனால் மேடையில் வெற்றியைத் தீர்மானிப்பது அதுவரை காதால் கேட்டிராத ஒரு சொல் வரும்போது அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்பதே.

மேடையில் நடப்பதைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். சொல்லை உச்சரித்துக் காட்டுபவர் ஜாக் பெய்லி. 1980ஆம் ஆண்டில் இதே போட்டியில் வென்ற அவர், பின்னாளில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் கிரேக்க, லத்தீன் செவ்வியல் துறைப் பேராசிரியர் ஆனார். 2003 முதல் தலைமை உச்சரிப்பாளராக இருந்து வருகிறார். அவர் சொல்லைச் சொன்னதும் பிள்ளைகள் அநேகமாக உடனே எழுத்துக்கூட்டத் தொடங்குவதில்லை. இதன் பொருள் என்ன, இது எந்த மொழியிலிருந்து வந்தது, பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா, வேறு உச்சரிப்பு உண்டா, ஒரு வாக்கியத்தில் அமைத்துக் காட்ட முடியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட வேர்ச்சொல்லைத் தாங்களே ஊகித்துச் சொல்லி, அது இந்தச் சொல்லில் இருக்கிறதா என்றும் கேட்கலாம். நேரத்தைக் கடத்தவே இப்படிக் கேட்கிறார்கள் என்று தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் நினைக்கக்கூடும். உண்மையில் ஒவ்வொரு பதிலும் எழுத்துகளுக்கான சான்றாக அவர்களுக்குப் பயன்படுகிறது.

2023இல் ஃபுளோரிடாவைச் சேர்ந்த தேவ் ஷாவுக்கு வந்த இறுதிச் சொல் 'சாமோஃபைல்' என்று காதில் விழும். மணற்பாங்கான இடத்தில் செழித்து வாழும் உயிரினம் என்பது பொருள். முன்பகுதி மணலைக் குறிக்கும் கிரேக்க வேரா, பின்பகுதி விருப்பத்தைக் குறிக்கும் கிரேக்க வேரா என்று அவர் கேட்டு உறுதி செய்துகொண்டார். அந்த இடத்திலேயே சொல்லின் எலும்புக்கூடு வெளிப்பட்டுவிட்டது. கிரேக்கத்திலிருந்து வந்த சைக்காலஜி போன்ற சொற்களில் எஸ் ஒலிக்கு முன்னால் ஒலிக்காத பி நிற்பதை அறிந்த பிள்ளை, இந்தச் சொல்லும் பி-எஸ் என்றே தொடங்கும் என்று உணர்ந்துகொள்ளும். கிரேக்கச் சொல்லில் எஃப் ஒலி வந்தால் அது பி-எச் என்று எழுதப்படும் என்பதும் அதற்குத் தெரியும். நடுவில் எம் இரட்டிக்கிறது என்பதை மட்டும் வேரைப் படித்தவர்தான் அறிவார். இதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தல் என்று சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை.

இதே முறைதான் எல்லா மொழிகளுக்கும் பொருந்துகிறது. 'ஷ' என்ற ஒலி காதில் விழுந்தால், பிரெஞ்சு வழிச் சொல்லில் அது பெரும்பாலும் சி-எச் ஆகும். ஜெர்மன் வழிச் சொல்லில் எஸ்-சி-எச் ஆகும். போலிஷ் சொல்லில் எஸ்-இசட் ஆகக்கூடும். ஆகவே 'எந்த மொழி' என்ற ஒரு கேள்விக்குக் கிடைக்கும் விடை பாதிக் கதவைத் திறந்துவிடுகிறது. 2012இல் ஸ்னிக்தா நந்திபதி வென்ற 'கெட்டபான்' என்ற பிரெஞ்சு வழிச் சொல்லின் பொருள் பதுங்கித் தாக்குவதற்கான பொறி. அதன் இறுதியில் ஒலிக்காத ஓர் எஸ் இருக்கிறது. சொல் பிரெஞ்சு என்று தெரியாதவருக்கு அப்படி ஓர் எழுத்து அங்கே இருக்கக்கூடும் என்ற ஐயம்கூட எழாது.

இவை எல்லாவற்றையும்விடப் பிள்ளைகளை அதிகமாக வீழ்த்துவது, அழுத்தமில்லாத அசையில் வரும் மெலிந்த உயிரொலி. தமிழில் குற்றியலுகரம் ஒலியில் குறுகினாலும் எழுத்தில் உகரமாகவே நிற்பதால் எழுதுபவருக்குக் குழப்பம் இல்லை. ஆங்கிலத்தில் அந்த மெலிந்த ஒலி ஏ, இ, ஐ, ஓ, யூ ஆகிய ஐந்தில் எதன் பின்னாலும் ஒளிந்திருக்கலாம், காதால் பிரித்தறியவே முடியாது. அந்த இடத்தில் வேர்ச்சொல் அறிவு கைகொடுக்க வேண்டும். அதுவும் கைவிட்டால் ஊகம்தான்.

2021 முதல் மேடையில் சொற்பொருள் சுற்று ஒன்றையும் சேர்த்திருக்கிறார்கள். எழுத்து தெரிந்து பொருள் தெரியாதவர் அதில் வெளியேறிவிடுவார். உங்கள் சக ஆசிரியர்களிடம் இதையும் சொல்லுங்கள்.

கேள்வி: வெற்றி பெற்றவர்களுக்கு வந்த சொற்களில் மிகக் கடினமானது எது என்று நினைக்கிறீர்கள்? (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: நீளமான சொல்தான் கடினம் என்று பலரும் எண்ணுகிறார்கள். காகிதத்தைக் கத்தரித்து உருவம் செய்யும் கலையைக் குறிக்கும் 'ஷெரென்ஷ்னிட்டெ' என்ற ஜெர்மன் சொல்லோ, இசையில் ஓர் அலங்காரச் சுரத்தைக் குறிக்கும் 'அப்பொஜ்ஜியாடுரா' என்ற இத்தாலியச் சொல்லோ பார்ப்பதற்கு மிரட்டும். ஆனால் அந்தந்த மொழியின் எழுத்து மரபை அறிந்தவர் அவற்றைப் பகுதி பகுதியாகக் கட்டிவிடலாம். பற்றிக்கொள்ள வேர் எதுவும் இல்லாத குறுஞ்சொற்களும், மனிதர்களின் பெயரிலிருந்து பிறந்த சொற்களுமே உண்மையான சோதனை என்பது என் எண்ணம்.

2021இல் லூசியானாவைச் சேர்ந்த 14 வயது சைலா அவான்கார்டுக்கு இறுதியில் வந்த 'மர்ரயா' அப்படிப்பட்டது. அது ஒரு தாவரப் பேரினத்தின் பெயர். யோஹான் ஆண்ட்ரியாஸ் மர்ரே என்ற தாவரவியலாளரின் நினைவாக அவருடைய ஆசிரியரும், உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்தவருமான லின்னேயஸ் சூட்டியது. சைலா சற்றும் பதற்றமின்றி, இதில் மர்ரே என்ற ஆங்கிலப் பெயர், அதாவது ஒரு நகைச்சுவை நடிகரின் பெயர் இருக்கிறதா என்று கேட்டு அரங்கைச் சிரிக்க வைத்துவிட்டு, ஆர் இரட்டிப்பதைச் சரியாகச் சொல்லி வென்றார். போட்டியின் வரலாற்றில் முதல் ஆப்பிரிக்க-அமெரிக்க வெற்றியாளர் அவர். நம் சமையலறையின் கறிவேப்பிலை நெடுங்காலம் இந்தப் பேரினத்தில்தான் வைக்கப்பட்டிருந்தது. அதன் அறிவியல் பெயரின் இரண்டாம் பகுதி, 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியின் டேனிஷ் குடியேற்றத்தில் மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டே தாவரங்களைச் சேகரித்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்பவரைக் குறிக்கிறது. அவரும் லின்னேயஸின் மாணவரே. அண்மைக் காலத்தில் அறிஞர்கள் கறிவேப்பிலையை வேறு பேரினத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆனால் கோனிக்கின் பெயர் அதில் நீடிக்கிறது.

2025ஆம் ஆண்டின் இறுதிச் சுற்றிலும் ஒரு தாவரப் பெயர் பெரும் திருப்பத்தை உண்டாக்கியது. டெக்சாஸைச் சேர்ந்த 13 வயது ஃபைசான் ஜாக்கி முந்தைய ஆண்டில் இரண்டாம் இடம் பெற்றவர். போட்டியில் எஞ்சியிருந்த மற்ற இருவரும் தவறிவிட, வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது அவருக்கு 'காமலைனா' என்ற சொல் வந்தது. தெரிந்த சொல் என்ற துணிச்சலில் ஒரு கேள்விகூடக் கேட்காமல் 'கே, ஏ, எம்' என்று தொடங்கிய அவர், சட்டென்று தன் பிழையை உணர்ந்து நின்றார். சொன்ன எழுத்தைத் திரும்பப் பெற விதி இடம் தராது. பிழையை அறிவிக்கும் மணி அடித்தது, மற்ற இருவரும் மறுபடியும் போட்டிக்குள் வந்தார்கள். அந்தச் சொல் சி என்ற எழுத்தில் தொடங்குவது. கொம்மெலின் என்ற டச்சுத் தாவரவியல் குடும்பத்தின் பெயரால் லின்னேயஸ் வைத்தது. அந்தப் பூவின் மூன்று இதழ்களில் இரண்டு பெரியவை, ஒன்று சிறியது. அந்தக் குடும்பத்தில் புகழ்பெற்ற இருவரையும், எதையும் சாதிக்கும் முன்பே மறைந்துபோன மூன்றாமவரையும் அவை நினைவூட்டுவதாக லின்னேயஸே எழுதியிருக்கிறார். நம் வயல் வரப்புகளில் நீலப் பூவுடன் படர்ந்து கிடக்கும் கானாவாழை இந்தப் பேரினத்தைச் சேர்ந்ததே. பொருளையும் மொழியையும் கேட்டிருந்தால் ஜாக்கி தவறியிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன். ஆயினும் அவர் தளரவில்லை. ஐயம் தெளிவித்தல் என்ற பொருளுடைய 'எக்லெர்சிஸ்மான்' என்ற பிரெஞ்சுச் சொல்லை, மீண்டும் ஒரு கேள்வியும் கேட்காமல், சரியாகச் சொல்லி வென்று மேடையிலேயே சரிந்து விழுந்தார். முதல் அவசரத்தைக் குறை சொல்லும் எனக்கு, அடி விழுந்த பின்னும் குலையாத இரண்டாவது துணிவைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

கேள்வி: இந்திய வம்சாவளிப் பிள்ளைகளே தொடர்ந்து வெல்வது ஏன்? நமக்கு இயல்பிலேயே நினைவாற்றல் அதிகமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பிறப்பால் வரும் நினைவாற்றல் என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை, அந்தப் பிள்ளைகளின் உழைப்பை அது சிறுமைப்படுத்துகிறது. காரணங்களை வரலாற்றில்தான் தேட வேண்டும். 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்துக்குப் பின் அமெரிக்கா சென்ற இந்தியர்களில் மருத்துவர், பொறியாளர், ஆய்வாளர் போன்ற உயர்கல்வி பெற்றவர்களே மிகுதி. ஆங்கிலத்தைப் படிப்பின் வழியாக அறிந்த அவர்கள், பிள்ளைகளின் படிப்புக்கு மாலைப் பொழுதையும் வார இறுதியையும் ஒதுக்கத் தயாராக இருந்தார்கள். 1985இல் பாலு நடராஜன் 'மிலியூ' என்ற சொல்லால் வென்று இந்திய வம்சாவளியின் முதல் வெற்றியாளரானார். அவர் பிற்காலத்தில் சிகாகோ பகுதியில் விளையாட்டு மருத்துவரானார். 1999இல் நூபுர் லாலா வென்றதும், அவரும் இடம்பெற்ற ஆவணப்படம் பரவலாகப் பார்க்கப்பட்டதும் அடுத்த தலைமுறைக்குப் பெரும் தூண்டுதல் ஆயின.

அவற்றுக்கும் மேலாக, ஓர் அமைப்பு இருந்தது. நார்த் சவுத் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம், இந்தியாவின் ஏழை மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகை திரட்டிக்கொண்டே, அமெரிக்காவின் பல நகரங்களில் இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 1990களிலிருந்து இத்தகைய போட்டிகளை நடத்தி வருகிறது. அங்கே பழகிய பிள்ளைக்குத் தேசிய மேடை புதிதாகத் தோன்றாது. அண்ணன் படித்த குறிப்பேடு தம்பிக்குக் கிடைக்கிறது. 2014இல் ஸ்ரீராம் ஹத்வாரும் 2016இல் அவர் தம்பி ஜெய்ராமும், 2009இல் காவ்யா சிவசங்கரும் 2015இல் அவர் தங்கை வான்யாவும் வென்றது தற்செயல் அல்ல. 2008 முதல் 2019 வரை எல்லா ஆண்டிலும் வெற்றியாளர்களில் இந்திய வம்சாவளியினர் இருந்தார்கள். 2019இல் நடுவர்களிடம் இருந்த கடினமான சொற்களாலும் பிரிக்க முடியாமல் எட்டுப் பேர் ஒன்றாக வெற்றியாளர்களாக அறிவிக்கப்பட்டபோது, அவர்களில் ஏழு பேர் இந்திய வம்சாவளியினர்.

தனியொருவரின் விடாமுயற்சிக்கு அரவிந்த் மஹாங்கலியைச் சொல்வேன். நியூயார்க்கைச் சேர்ந்த இவர் 2011, 2012 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஜெர்மன் வழிச் சொற்களில் தவறி மூன்றாம் இடத்தில் நின்றார். ஜெர்மன் சொற்களை விட்டு விலகாமல் அவற்றையே ஊன்றிப் படித்தார். 2013இல் இறுதியாக வந்தது 'க்னேடல்', அதாவது யூதர்கள் சமைக்கும் ஒருவகை உருண்டை. ஜெர்மனோடு நெருங்கிய உறவுடைய யிட்டிஷ் மொழியின் சொல் அது. ஜெர்மன் சாபம் வரமாக மாறிவிட்டது என்று அவர் சொன்னார். அந்தச் சொல்லை வேறு விதமாக எழுத வேண்டும் என்று யிட்டிஷ் அறிஞர்கள் சிலர் வாதிட்டார்கள். ஆனால் போட்டியில் அகராதி சொல்வதே தீர்ப்பு.

பணவசதியின் பங்கையும் மறைக்கக் கூடாது. முன்னாள் போட்டியாளர்களே கட்டணம் பெற்றுப் பயிற்சி அளிக்கும் காலம் இது. அந்த வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஏணி இன்னும் எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. அமைப்பாளர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

கேள்வி: தமிழிலிருந்து போன சொற்கள் போட்டியில் வரக்கூடுமா? (வாசகி, சென்னை)

பதில்: அகராதியில் உள்ள எதுவும் வரலாம். கட்டுமரத்திலிருந்து சென்ற 'காட்டமரான்', மிளகுத்தண்ணீரிலிருந்து சென்ற 'மல்லிகடானி', சுருட்டிலிருந்து சென்ற 'ஷெரூட்', குருந்தக் கல்லிலிருந்து சென்ற 'கொரண்டம்' ஆகியவை அதில் உள்ளன. மூல மொழி தமிழ் என்ற பதில் மேடையில் ஒரு பிள்ளைக்குக் கிடைத்தாலும், கிரேக்கம் என்ற பதில் தரும் உதவியில் பத்தில் ஒரு பங்குகூட அதனால் கிடைக்காது. கிரேக்கச் சொற்கள் கற்றறிந்தோர் கையால் ஒரே ஒழுங்கில் ஆங்கிலத்துக்குள் வந்தவை. நம் சொற்களோ போர்த்துகீசிய மாலுமியும் ஆங்கிலேய வணிகரும் அவரவர் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டவை. ஷெரூட் என்பதில் வரும் 'ஷ' ஒலிக்கு சி-எச் எழுதுவதைத் தமிழ் தெரிந்த பிள்ளையும் தனியாகத்தான் படிக்க வேண்டும்.

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகள் இந்தப் போட்டியில் சேர ஆசைப்படுகிறாள். மேடையில் பிள்ளைகள் அழுவதைப் பார்க்கும்போது எனக்கு அச்சமாக இருக்கிறது. (ஒரு தாய், நியூ ஜெர்சி)

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, அம்மா. 2004இல் அக்ஷய் புத்திகா என்ற சிறுவன், 'அலோபிகாய்டு' என்ற சொல்லை எதிர்கொண்டபோது மேடையிலேயே மயங்கி விழுந்தான்; எழுந்து நின்று அதைச் சரியாகச் சொல்லி இரண்டாம் இடம் பெற்றான். அதை வீரம் என்று எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சிறு உடல் எவ்வளவு பாரத்தைத் தாங்கியது என்பதையும் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பேன். 2025இல் தேசிய நிலைக்கு வந்த 243 பேரில் 242 பேர் வெல்லாமலேதான் வீடு திரும்பினார்கள், அவர்களில் பலர் எல்லோர் முன்னிலையிலும் அந்த மணியோசையைக் கேட்டு மேடையை விட்டு இறங்கியவர்கள்.

ஆனால் மணி அடித்ததோடு எல்லாம் முடிந்துவிடும் என்பதும் இல்லை. 2022இல் டெக்சாஸைச் சேர்ந்த 14 வயது ஹரிணி லோகன் சொற்பொருள் சுற்றில் தவறியதாக அறிவிக்கப்பட்டு மேடையை விட்டு இறங்கினார். அவர் சொன்ன பொருளையும் ஏற்க இடம் உண்டு என்று நடுவர்கள் ஆராய்ந்து அவரை மீண்டும் அழைத்தார்கள். அதன் பிறகும் சில சொற்களில் தடுமாறினார். இறுதியில், 90 வினாடிகளில் முடிந்தவரை அதிகச் சொற்களைக் கூட்டும் விரைவுச் சுற்றில் 21 சொற்களைச் சரியாகச் சொல்லி வென்றார். அவருடைய வெற்றிச் சொல்லாகப் பதிவானது 'மூர்ஹென்', நம் ஏரிகளில் காணப்படும் தாழைக்கோழியின் ஆங்கிலப் பெயர்.

ஆசை மகளுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். அது மகளுடையதாகவே இருக்கட்டும். எட்டாம் வகுப்பு முடியும்வரை பங்கேற்க வாய்ப்பு உண்டு என்பதால் அவசரம் தேவையில்லை. பள்ளி போட்டிக்குப் பதிவு செய்திருக்கிறதா என்று முதலில் ஆசிரியரிடம் கேளுங்கள். ஸ்கிரிப்ஸ் நிறுவனம் 4,000 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை மூன்று கடின நிலைகளாகப் பிரித்து இலவசமாகவே வெளியிடுகிறது. இந்த ஆண்டுக்கு அதன் முதல் நிலை போதும். நாளுக்குப் பத்துச் சொற்களுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றையும் நீங்கள் உச்சரிக்க, அவள் பொருளையும் மூல மொழியையும் உங்களிடம் கேட்ட பிறகே எழுத்துக்கூட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தவறிய சொற்களை மொழிவாரியாக ஒரு குறிப்பேட்டில் அவளே எழுதிவரட்டும். எந்த மொழிப் பக்கம் வேகமாக நிறைகிறதோ, அந்த மொழியின் எழுத்து மரபை அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து படியுங்கள்.